வளைவில் அரைக்கும் சத்தம்: பேரிங்கா, ஆக்சிலா?

நீங்கள் எழுதியதை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். முன்சக்கரம் இழுக்கும் பெட்ரோல் வண்டி, வயது பதினொன்று, ஓடியது 88,000 கிலோமீட்டர். இரண்டு வாரத்துக்கு முன் மழையில் குடும்பத்தோடு ஏற்காடு போய் வந்தீர்கள். அதிலிருந்து திரும்பும்போதெல்லாம் முன்பக்கம் ஏதோ அரைபடுகிற சத்தம். இடது பக்கம் திரும்பினால் கூடுதல். நேர் ரோட்டில் 50-ஐத் தாண்டினால் லேசாக இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோதும் கேட்டது. ஒரு மெக்கானிக் ‘வலது பேரிங் போச்சு’ என்றார், இன்னொருவர் ‘ஆக்சிலையே மாத்தணும்’ என்றார். பேரிங் என்பது சக்கரத்தை லேசாகச் சுற்றவிடும் உருண்டை வளையம், ஆக்சில் என்பது என்ஜின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு. தீபாவளி வரை தள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாரம் இரண்டு முறை மலை ஏறி இறங்குகிறவர் நீங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எந்தச் சாமானை வாங்குவது என்ற கேள்வி. உண்மையில் இரண்டு பேரில் யாரை நம்புவது என்றுதான் கேட்கிறீர்கள்.

சேலத்தில் 27 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன் சில வருடம் லாரிப் பட்டறையில் கை கருத்தது தனிக்கணக்கு. ஏற்காட்டு வண்டிகள் என்னிடம் நிறைய வரும். அதற்காக இங்கே உட்கார்ந்துகொண்டு உங்கள் வண்டிக்கு இன்னதுதான் கோளாறு என்று சொன்னால் அது ஜோசியம். சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்புவதாகச் சொல்கிறீர்கள், வேண்டாம். பேரிங் முனகல் மாதிரி அடிக்குரலில் வருகிற சத்தத்தைப் போன் பாதிக்குமேல் விழுங்கிவிடும், மிச்சம் கேட்பது காற்றும் டயர் இரைச்சலும்தான். அதைவிட, சத்தம் எப்போது வருகிறது, என்ன செய்தால் கூடுகிறது, என்ன செய்தால் நிற்கிறது என்று நான்கு வரி எழுதினால் எனக்கு அது பத்து மடங்கு உதவும். ‘கரகர’ என்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் ‘ஊம்’ என்பார். ஆனால் பிரேக்கைத் தொட்டதும் சத்தம் நின்றதா இல்லையா என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் வரும்.

முதல் சோதனைக்குக் காசு வேண்டாம். வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். அப்போதே சத்தம் வந்தால் சக்கர பேரிங்கும் இல்லை, ஆக்சிலும் இல்லை. சக்கரம் உருளவே இல்லை, அவை எப்படிச் சத்தம் போடும்? அப்படி வருவது பெரும்பாலும் ஸ்ட்ரட்டின் (சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலையில் இருக்கும் மவுன்ட் பேரிங். சுருள் ஸ்பிரிங் முறுக்கி விடுபடும்போது ‘டங்’ என்று அதிரும், பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலையில் கை வைத்தால் விரலுக்கே தெரியும். ஆயில் வைத்த பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியானால், கடைசிவரை ஒடிக்கும்போது பம்ப் முனகும், ஆயில் குறைந்திருந்தால் அந்த முனகல் கூடும். மின்சார ஸ்டியரிங்கில் அந்தப் பம்ப்பே கிடையாது. நின்ற இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றால் இந்தக் கூட்டம் முழுவதையும் மறந்துவிடலாம்.

அடுத்தது வேகம். இங்கேதான் உங்கள் விவரம் எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது. சக்கர பேரிங் கெட்டால் அது வேகத்தோடு சேர்ந்து ஏறும் சத்தம். 30, 40 கிலோமீட்டரில் தொடங்கும், 60-இல் ரேடியோவை மீறும், வண்டியை நியூட்ரலில் உருளவிட்டாலும் நிற்காது. என்ஜின் சத்தமாக இருந்தால் ஆக்சிலேட்டரை விட்டதும் மாறியிருக்கும். வளைவில் ஏன் கூடுகிறது என்றால், இடது பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலது சக்கரங்கள் மேல் சாய்கிறது. வலது முன் பேரிங்கில் உருண்டை ஓடும் பாதை தேய்ந்திருந்தால், அந்தப் பாரத்தில் அது கத்தும். வலது பக்கம் திரும்பினால் பாரம் இடதுக்குப் போய்விடும், வலது பேரிங் கொஞ்சம் அமைதியாகும். நீங்கள் சொல்வது இதோடு பொருந்துகிறது. பைபாஸில் 60-இல் போகும்போது, பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து, லேசாக இடதும் வலதுமாக அசைத்துப் பாருங்கள். சத்தம் கூடிக் குறைந்தால் பேரிங் மேல் சந்தேகம் உறுதியாகும். எந்தப் பக்கம் என்பதில் மட்டும் இந்தக் கணக்கை முழுக்க நம்பாதீர்கள். இப்போது வரும் பேரிங்குகளில் உருண்டைகள் இரண்டு வரிசையாக இருக்கும். உள்வரிசை கெட்டிருந்தால் சத்தம் எதிர்ப்பக்கத் திருப்பத்தில் வருவதும் உண்டு. வலது என்று நினைத்துக் கழற்றி, இடது கெட்டிருந்த கதை என் பட்டறையிலேயே நடந்திருக்கிறது. அந்த வாடிக்கையாளரிடம் இரண்டாவது கூலி வாங்கவில்லை, வாங்கவும் முகமில்லை.

ஆனால் கொண்டை ஊசி வளைவு வேறு கணக்கு. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசிகள். சேலம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். அவ்வளவு உயரத்தை அந்தச் சின்னத் தூரத்தில் ஏறுவதால் வளைவுகளில் முதல் அல்லது இரண்டாம் கியரில், 10, 15 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறோம். அந்த வேகத்தில் பேரிங் முனகுவது சாதாரணமாகக் காதில் விழாது. விழுகிறது என்றால் அது முற்றிப்போன பேரிங், அல்லது அது பேரிங்கே இல்லை. ஸ்டியரிங் முழுக்க ஒடிந்து, என்ஜின் பாரத்தோடு இழுக்கும்போது வருகிற சத்தத்துக்கு முதல் சந்தேகம் ஆக்சிலின் வெளிமுனையில், சக்கரத்தை ஒட்டி இருக்கும் சி.வி. ஜாயின்ட் மேல்தான். சக்கரம் திரும்பியிருந்தாலும் இழுவையைக் கடத்தும் மூட்டு அது. அதற்குள் பெரும்பாலும் ஆறு எஃகு உருண்டைகள் ஒரு கூட்டுக்குள் ஓடும். அவை ஓடும் பள்ளங்கள் தேய்ந்தால் வளைவில் ‘டக் டக் டக்’ என்று எண்ணக்கூடிய அளவில் தட்டும். சக்கரம் வேகமாகச் சுற்றினால் தட்டலும் வேகமாகும். நேரே போனால் நின்றுவிடும். நன்றாக முற்றிய பிறகு தட்டல்கள் ஒன்றோடொன்று ஒட்டி அரைப்பதுபோலவே கேட்கும், அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

ஆக, என் ஊகம் இது: அந்த இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்த்திருப்பார், முனகலைக் கேட்டுப் பேரிங் என்றிருப்பார். மற்றவர் பட்டறை வாசலிலேயே ஸ்டியரிங்கை ஒடித்து முன்னும் பின்னும் நகர்த்தியிருப்பார், அல்லது குனிந்து பார்த்து அந்த ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருப்பதைக் கண்டிருப்பார். இரண்டு கோளாறும் சேர்ந்தே இருக்கலாம், 88,000 கிலோமீட்டருக்கு அது அதிசயம் இல்லை. இரண்டுமே இல்லாமல் ஒரு கூழாங்கல்லாகவும் இருக்கலாம். சிரிக்காதீர்கள், கல்லுக்கு வருகிறேன்.

ஆக்சிலைச் சோதிக்க ஆளில்லாத மைதானம் போதும். ஸ்டியரிங்கை முழுக்க இடதுபுறம் ஒடித்து, முதல் கியரில் வட்டமடியுங்கள், நடுநடுவே ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி விடுங்கள். பிறகு வலதுபுறம். பிறகு அதையே ரிவர்ஸில். சி.வி. ஜாயின்ட் தேய்ந்திருந்தால் ரிவர்ஸ் வட்டத்தில் பல நேரம் இன்னும் தெளிவாகத் தட்டும். ஜன்னலை இறக்கிவிட்டு, சுவரோரமாக ஓட்டினால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும், எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க அது உதவும். அப்புறம் இறங்கி, ஒடித்த சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு கருப்பு ரப்பர் தெரியும். அது கிழிந்து, ரிம்மின் உட்பக்கமும் ஸ்ட்ரட்டும் கருப்பு கிரீஸாகச் சிதறிக் கிடந்தால், உள்ளே தண்ணீரும் மண்ணும் போய்விட்டது என்று அர்த்தம். நம் ஊரில் மாக்னசைட் சுரங்கப் பக்கம் ஓடும் வண்டிகளில் கிழிந்த பூட்டைப் பிரித்தால் கிரீஸ் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி இருக்கும். அந்தத் தூள் உள்ளே போனால் அது கிரீஸ் இல்லை, சாணைப் பசை. சத்தம் வருவதற்கு முன்பே கிழிசலைக் கண்டுபிடித்துப் பூட்டையும் கிரீஸையும் மாற்றியிருந்தால் சின்னச் செலவோடு போயிருக்கும். சத்தம் வந்த பிறகு புது கிரீஸ் அடைப்பது வீண், ஒரு மாதம் அமுங்கும், திரும்ப வரும்.

இப்போது கல். நான் கார் வேலைக்கு வந்த புதிதில், மழைக்காலம், ஏற்காட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இடது வளைவில் தகரத்தைத் தகரத்தால் தேய்ப்பது மாதிரி சத்தம். நான் ஓட்டிப் பார்த்து, பேரிங் என்று முடிவுகட்டி, மாற்றியும் கொடுத்தேன். சத்தம் போய்விட்டது. கழற்றும்போது பிரேக் டிஸ்க்குக்கு (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) பின்னால் இருந்து ஒரு புளியங்கொட்டை அளவுக் கல் கீழே விழுந்ததை நானும் பார்த்தேன், பையனும் பார்த்தான், இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை. கழற்றிய பேரிங்கை அன்று சாயங்காலம் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். வழுவழு என்று சுற்றியது. பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்று கவசம் மாதிரி இருக்கும். மழையில் மலை ரோட்டோரம் ஜல்லி அடித்து வந்து கிடக்கும், சக்கரம் அதை அள்ளி டிஸ்க்குக்கும் தகடுக்கும் நடுவே போட்டுவிடும். அல்லது தகடே வளைந்து டிஸ்க்கைத் தொடும். திரும்பும்போது சக்கரம் மயிரிழை சாய்கிறது, அப்போது உரசுகிறது. நீங்களும் மழையில் போய் வந்த பிறகுதான் சத்தம் தொடங்கியது என்கிறீர்கள். அதனால் பேரிங்குக்கும் ஆக்சிலுக்கும் முன்னால் இதைப் பார்க்கச் சொல்கிறேன். சக்கரத்தைக் கழற்றி, தகட்டை விரலாலோ ஸ்க்ரூ டிரைவராலோ கொஞ்சம் விலக்கி, டிஸ்க்கைக் கையால் சுற்றினால் போதும். டிஸ்க்கின் ஓரத்தில் புதிதாகப் பளபளக்கும் வட்டக் கீறல் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது.

சக்கரம் கழன்றிருக்கும்போதே டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பேடையும் பார்த்துவிடுங்கள். புதுப் பேடின் உரசும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மலை ஏறுகிற வண்டிக்கு நான் மாற்றச் சொல்வேன், பல கையேடுகள் 2 வரை விடும். முழுக்கத் தேய்ந்தால் பின்தகடு இரும்பு டிஸ்க் இரும்பை அரைக்கும். அந்தச் சத்தம் பிரேக்கை அழுத்தினால் கூடும். அழுத்தாதபோது வந்து, லேசாகத் தொட்டதும் நிற்கிறது என்றால் பேடு ஆடுகிறது, அல்லது பேடை அழுத்தும் காலிப்பர் சிக்கியிருக்கிறது. பேடை மட்டும் எப்போதும் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்ற வேண்டும். பேரிங்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ‘ரெண்டு பக்கமும் மாத்திடலாம் சார்’ என்று யாராவது சொன்னால் மறுபக்கம் என்ன கெட்டிருக்கிறது என்று கேளுங்கள். ஏற்காட்டில் பனியில் ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு ‘சர்ர்’ என்று தேய்ப்பது டிஸ்க்கில் படிந்த துரு, அதற்காகப் பட்டறைக்கு வர வேண்டாம்.

டயரையும் விட்டுவிடாதீர்கள். ஓரம் அலை அலையாகத் தேய்ந்த டயர் கெட்ட பேரிங் மாதிரியே முனகும். உள்ளங்கையால் டயர் முகத்தை முன்னும் பின்னும் தடவினால், ரம்பப் பல் மாதிரி ஒரு பக்கம் வழுக்கி ஒரு பக்கம் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப் போடுங்கள். சத்தமும் பின்னால் போய்விட்டால் பேரிங் தப்பித்தது. முன்பு அகலமான டயருக்கு மாறியிருந்தால், முழுக்க ஒடிக்கும்போது அது சக்கர வளைவின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கை உரசுகிறதா என்றும் பாருங்கள். உரசினால் அங்கே சுத்தமாகத் தேய்த்த தடம் இருக்கும். மழையில் ஒரு கிளிப் கழன்று அந்த பிளாஸ்டிக் தொங்கினாலும் இதே சத்தம்தான். இதைப் படிக்கும் எஸ்டேட் ஜீப் காரர்களுக்கு மட்டும் ஒரு வரி: நான்கு சக்கர இழுவையைப் போட்டபடியே காய்ந்த தார் ரோட்டில் கொண்டை ஊசி திரும்பினால் வண்டி முரண்டு பிடித்து முனகத்தான் செய்யும். லீவரைத் தள்ளி அந்த இழுவையை எடுத்துவிடுங்கள், அது கோளாறே இல்லை.

இவ்வளவும் பார்த்து எதுவும் இல்லை என்றால்தான் பேரிங்கை உறுதி செய்ய வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். முன்னால் சொன்னபடி சக்கரத்தைக் கழற்றும்போதும் இதே ஏற்பாடுதான். சமதளம், ஹேண்ட் பிரேக், பின்சக்கரங்களுக்குக் கட்டை, ஜாக்கிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு. ஸ்டாண்டு இல்லாமல் வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் தலையை விடாதீர்கள். கியரை நியூட்ரலில் வைத்து, முன்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே மறு கையால் சுருள் ஸ்பிரிங்கைத் தொடுங்கள். கெட்ட பேரிங்கின் கொரகொரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும், காதை விட விரல் நல்ல சாட்சி. பிறகு சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், பக்கத்தில் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், மிதித்தும் ஆடினால் சக்கரத்தைக் கீழே தாங்கும் பால் ஜாயின்ட் பக்கம் போங்கள். இடமும் வலமும் பிடித்து ஆட்டி அங்கே மட்டும் தளர்வு இருந்தால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டு. ஆட்டமே இல்லை என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். முனகுகிற பேரிங்குகளில் பாதிக்குமேல் எனக்கு ஆட்டம் இல்லாமல்தான் வந்திருக்கின்றன.

மாற்றும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல சாமான் கெடுவது இங்கேதான். சில வண்டிகளில் பேரிங்கும் ஹப்பும் (சக்கரம் மாட்டும் நடுத்துண்டு) ஒரே துண்டாக, போல்ட்டில் வரும், கழற்றி மாட்டினால் முடிந்தது. பல சின்ன வண்டிகளில் பேரிங்கை நக்கிளுக்குள் (பேரிங் உட்காரும் இரும்புக் கூடு) பிரஸ் மெஷினில் வைத்து அழுத்த வேண்டும். சுத்தியால் அடித்து ஏற்றுகிறவரிடம் கொடுக்காதீர்கள். நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும், ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்குக் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். மாறிப்போனால் அழுத்தம் உருண்டைகள் வழியாகப் போய், பாதையில் குழி விழும், புதுப் பேரிங்கே சீக்கிரம் முனக ஆரம்பிக்கும். ‘போன மாசம்தானே மாத்தினேன்’ என்று வருகிறவர்களில் நிறையப் பேர் இந்த வகை. ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உள்ள வண்டியில் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கலாம், அது சென்சார் பார்க்கும் பக்கம் வர வேண்டும். திருப்பிப் போட்டால் விளக்கு எரியும், திரும்பவும் முழுக்கக் கழற்ற வேண்டியதுதான். ஹப் நட்டுக்குப் புது நட்டே போடச் சொல்லுங்கள், முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கச் சொல்லுங்கள். சின்ன வண்டிகளில் இது பெரும்பாலும் 200 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும், ஆனால் உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும் எண்தான் கணக்கு. முறுக்கி முடியும்வரை வண்டியைத் தரையில் இறக்கி உருட்டக் கூடாது. நக்கிளை ஸ்ட்ரட்டிலிருந்து பிரித்திருந்தால் கடைசியில் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

ஆக்சில்தான் என்று முடிவானாலும், முழு ஆக்சில் தேவையா என்று கேளுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு வெளி ஜாயின்ட் மட்டும் பூட்டோடு தனியாகக் கிடைக்கும். உள் ஜாயின்ட்டும் போயிருந்தால்தான் முழுசாக மாற்றுவதில் அர்த்தம். அது போயிருந்தால் ஏற்றத்தில் நேரே இழுக்கும்போதே வண்டி உதறும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்துவந்த ஆக்சிலை நான் மாட்டுவதில்லை, உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது மாட்டி ஓட்டிய பிறகுதான் தெரியும்.

தீபாவளி வரை தள்ளலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். தகடோ கல்லோ என்றால் அரைமணி வேலை, தள்ளுவதற்கே ஒன்றும் இல்லை. சி.வி. ஜாயின்ட் லேசாகத் தட்டுவது உடனே கழன்று விழாது, ஊருக்குள் மெதுவாக ஓட்டிச் சில வாரம் சமாளிப்பவர்கள் உண்டு. ஆனால் அது உடைந்தால் அந்த நொடியே இழுவை போய்விடும், ஏற்றத்தில் பதினைந்தாவது வளைவில் பின்னால் பஸ் நிற்கும்போது அது நடக்க வேண்டாம். பேரிங் லேசாக முனகி, ஆட்டம் எதுவும் இல்லை என்றால் சேலத்துக்குள் பட்டறை வரை ஓட்டலாம், மலைக்கு வேண்டாம். சக்கரத்தில் ஆட்டம் இருந்தால், அல்லது 20 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியபின் ஒரு பக்க ரிம் நடுவில் மட்டும் கையைக் கிட்டே கொண்டுபோனாலே அனல் அடித்தால், ஓட்டாதீர்கள், ஏற்றிக்கொண்டு போகும் வண்டியைக் கூப்பிடுங்கள். அவசியம் மலையேறியே தீரவேண்டிய நாள் வந்தால் உங்கள் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள். இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைக்காமல், ஏறிய கியரிலேயே இறங்குவது எல்லா வண்டிக்கும் பொது. சூடான டிஸ்க்குக்குப் பக்கத்தில்தான் அந்தப் பேரிங்கும் அந்த ரப்பர் பூட்டும் இருக்கின்றன.

பட்டறைக்குப் போகும்போது ‘பேரிங் மாத்துங்க’ என்றோ ‘ஆக்சில் மாத்துங்க’ என்றோ சொல்லாதீர்கள். ‘இடது வளைவில் கூடுது, 50-க்கு மேல நேர்லயும் இருக்கு, ஒடிச்சா தனியா ஒரு சத்தம் வருது, முதல்ல சக்கரத்தைக் கழற்றித் தகட்டைப் பாருங்க’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். எதை மாற்றினாலும் கழற்றியதைக் கேட்டு வாங்குங்கள். பேரிங்கானால் உள்வளையத்தில் விரலைவிட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கொரகொர என்று சிக்கிச் சுற்றினால் கொடுத்த காசு சரி. வழுவழு என்று சுற்றினால், பணத்தை நீட்டும் முன் வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வாருங்கள்.